கடுகார் கேட்ட கரகரப்பு

மார்ச் 6, வியாழன்

கடையில் இன்றும் சண்டை. பாதி தாடி மழித்திருக்கும்போதே தபால்காரர் எழுந்துவிட்டார். காரணம், நான் வைத்த பாட்டு. "அந்த ஆள் பாட்டை நிறுத்துய்யா. இல்லேன்னா மீதியை வீட்ல போய் மழிச்சுக்கறேன்."

அந்த ஆள் என்பவர், எங்கள் சலூனில் எல்லாரும் கடுகார் என்று கூப்பிடும் இசையமைப்பாளர். சூடு பட்டால் வெடிப்பார். விருது வாங்கின மேடையிலேயே, "கொடுத்தவங்க என் பாட்டை முழுசாக் கேட்டிருக்க மாட்டாங்க" என்றார். ஊரே இரண்டுபட்டது.

நான் கடுகார் கட்சி. அவர் வாய்க்காக அல்ல. ஓடின பாட்டையே திருப்பித் திருப்பிப் போட்டு ஆயுசுக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம். மனிதர் ஒவ்வொரு தடவையும் கட்டின வீட்டை இடித்துவிட்டு வெட்டவெளியில் போய் நிற்கிறார். நானோ கடை திறந்த நாளிலிருந்து ஒரே கிராப்பைத்தான் எல்லாத் தலையிலும் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டை நிறுத்திவிட்டுத்தான் மீதித் தாடியை மழித்தேன். கொள்கை வேறு, சவரம் வேறு.

மார்ச் 9, ஞாயிறு

சினிமாவில் கோரஸ் பாடும் என் மகளுக்குக் கடுகாரிடமிருந்து அழைப்பு. கோரஸில் நிற்க அல்ல. தனியாக, ஒரு முழுப் பாட்டு.

அவள் குரலில் ஒரு கரகரப்பு உண்டு. இத்தனை நாளும் எல்லாரும், "கொஞ்சம் மைக்கை விட்டுத் தள்ளி நில்லும்மா" என்றுதான் சொன்னார்கள். இவருக்கு அந்தக் கரகரப்புதான் வேண்டுமாம்.

வீட்டுக்காரிக்குப் பயம். "கூப்பிட்டு வச்சு அழ வைப்பாரு. உங்க ஆளுதானே." அவர் பாட்டு ஓடினால் ஊருக்கு, அவர் வாய் திறந்தால் என் கணக்கில்.

மார்ச் 11, செவ்வாய்

பாட்டை ஸ்டுடியோவில் எடுக்க மாட்டாராம். பாடுகிறவர் வளர்ந்த இடத்தில்தான் எடுப்பாராம். இவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்து வளர்ந்தது என் கடை பெஞ்சில். அதனால் கடைக்கே வருகிறார். வாத்தியம் கிடையாது. அவள் குரல், என் கத்தரிச் சத்தம், அவ்வளவுதான். இப்படியும் ஒரு பாட்டா? பாட்டை வெளியிடும் கம்பெனிக்காரர்கள் தலையில் கை வைத்திருக்கிறார்களாம். நானும்தான். ஆனால் என் தொழிலே அது.

மார்ச் 17, திங்கள்

வந்தார். உயரம் கம்மி, கோபம் ஜாஸ்தி.

பெரிய மனிதர் வருகிறாரே என்று கத்தரிகளையெல்லாம் சாணை பிடித்து எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். வீட்டுக்காரி தன் பங்குக்கு, நாலு நாளாக மகளுக்கு வெந்நீரும் தேனும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "வெட்டுங்க" என்றார். வெட்டினேன்.

"வெட்டுங்கய்யா."

"வெட்டிட்டுதாங்க இருக்கேன்."

கத்தரி பட்டு மாதிரி போகிறது. சத்தமே இல்லை. மகள் பாடினாள். அதுவும் பட்டு.

"எண்ணெய் போட்டீங்களா?"

"ஆமாங்க."

"இந்தப் பொண்ணுக்குமா?"

அப்புறம் அவர் பேசியதை எழுதினால் தாள் கருகிவிடும். கடைசியில், "குடும்பமே சேர்ந்து என் பாட்டை மொட்டை அடிச்சிட்டீங்க" என்றார். சலூன்காரனிடம் சொல்கிற பேச்சா இது?

மகள் கத்திவிட்டாள். "எங்க அப்பாவை அப்படிப் பேசாதீங்க. வேணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க." அத்தனை தேனையும் தாண்டிக் குரல் கரகரத்தது.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கத்தரியைக் கீழே வைக்கச் சொன்னார். "இது போதும். பாடு."

வெறும் குரல். பின்னால் ஒன்றுமே இல்லை. கேட்டுக்கொண்டு நின்றேன். இவளை நாங்கள்தானா இத்தனை நாள் தேன் ஊற்றி மூடி வைத்திருந்தோம்?

அவர் திட்டினது தப்பு. கேட்டது சரி. இரண்டையும் எப்படி ஒரே மனிதரிடம் வைத்துக்கொள்வது?

ஏப்ரல் 2, புதன்

கம்பெனிக்காரர்கள் மாட்டோம் என்கிறார்கள். பேர் பெற்ற பாடகியை வைத்து, வாத்தியங்களோடு மறுபடி எடுத்தால்தான் வெளியிடுவார்களாம். "எதிர்பார்த்ததுதான், விடுப்பா" என்கிறாள் மகள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

அவர் இடத்தில் நானாக இருந்தால் சரி என்றிருப்பேன். ஒரு தாடிக்காகப் பாட்டை நிறுத்தினவன்தானே.

ஏப்ரல் 5, சனி

ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டாராம். பாட்டைத் தானே இணையத்தில் விட்டுவிட்டார். மேலே அவள் பெயர், கீழே அவர் பெயர்.

நன்றி சொல்ல மகள் போன் செய்தாள். "உனக்காக இல்ல, பாட்டுக்காக." வைத்துவிட்டார்.

"நல்லது செய்யறதைக்கூட அடிக்கிற மாதிரி செய்யறாரே இந்த மனுஷன்" என்றாள் வீட்டுக்காரி. திட்டுகிறாளா, மெச்சுகிறாளா, தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

'தொண்டை கட்டின பொண்ணுக்கு யாராவது மாத்திரை வாங்கிக் கொடுங்க' என்று இணையத்தில் பாட்டுக்குக் கீழே எவனோ எழுதியிருக்கிறான். மகள் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

மே 11, ஞாயிறு

வெளியூர்க்காரர் ஒருவர், பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதென்று முடி வெட்ட வந்தார். பின்கழுத்தில் கத்தி வைத்திருந்தபோது ரேடியோவில் மகள் குரல். நான் வைக்கவில்லை. ரேடியோக்காரர்களே போட்டிருக்கிறார்கள்.

"யாருங்க இந்தப் பொண்ணு?" என்றார்.

வேலையைப் பார்த்தேன். வெட்டி முடித்து, பிரஷ்ஷால் தட்டியும் விட்டேன். அவர் எழவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். பெஞ்சில் காத்திருந்தவரும் அவசரப்படுத்தவில்லை.

பாட்டு முடிகிறவரை அவர் கழுத்துத் துணியை நான் அவிழ்க்கவில்லை.