புன்னகை என்று நான் எழுதவில்லை

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எழுந்து நடமாடுகிறேன், வேளைக்கு ஏதோ சாப்பிடுகிறேன், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது அங்கே உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

நேற்று போனில் என் கட்டுரையைப் படித்து அழுததாகவும், அப்பா எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறீர்கள் என்றும் சொன்னாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னிடம் கத்திவிடுவேனோ என்றுதான் பாதியில் வைத்தேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. அது நான் எழுதியது இல்லையம்மா. மேலே போட்டிருக்கிற பெயரும் படமும் மட்டும்தான் என்னுடையவை. வெள்ளத்தில் விமானம் இல்லாமல் நீ வர முடியாமல் போய்விட்டது, அதனால் நடந்ததை நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து வீட்டுச் சேற்றைக்கூட வாரவில்லை, பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நம் நிருபர் வீட்டிலேயே இழவு விழுந்திருக்கிறது, நீங்களே எழுதினால் படிக்கிறவர்கள் உருகிப்போவார்கள் என்றார். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அணையின் அபாயச் சங்கு ஊதுவதில்லை என்று கோடையிலேயே செய்தி கொடுத்தவன் நான். அதை உள்பக்கத்தில் கல்யாண விளம்பரத்துக்குக் கீழே போட்டார்கள். இப்போதாவது முன்பக்கத்தில் வரட்டும் என்று நினைத்தேன்.

அம்மா நர்ஸாக இருந்த வார்டில் அன்று அவளோடு வேலையில் இருந்த ஆயாவைப் பார்த்து எல்லாம் கேட்டேன். மழை விட்டுவிட்டது, தண்ணீர் வடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு தகவலும் சொல்லாமல் மதகைத் திறந்திருக்கிறார்கள். கீழ்த்தள வார்டில் முழங்கால் அளவு ஏறிவிட்டது. லிப்ட் நின்றுவிட்டது. அம்மாவும் ஆயாவும் நோயாளிகளைப் போர்வையில் கிடத்தி ஒவ்வொருவராக மாடிக்கு இழுத்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு லாரி டிரைவர், காலில் மாவுக்கட்டு, எடை தொங்கவிட்டுக் கட்டிலோடு கட்டியிருந்தது. அதை அவிழ்க்க அம்மா திரும்பிப் போனாள். போகும்போது படியில் நின்று ஆயாவிடம் சொன்னாளாம், "தெறக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொன்னா அவனுங்க வாய் வெந்தா போயிடும்?" அவள் உள்ளே போனதும் பின்பக்கச் சுவர் இருவர் மேலும் விழுந்தது.

இதைத்தான் எழுதினேன். வந்ததை நீ பார்த்தாய். அணை இல்லை, மதகு இல்லை, சங்கு இல்லை, இயற்கை அன்னை கோபித்துக்கொண்டாளாம். உங்கம்மா "கடைசிவரை புன்னகை மாறாத தேவதை"யாம். புன்னகையாவது மண்ணாவது! ஈரத் தரையில் செருப்போடு நடந்தால் நம்மை என்ன பாடு படுத்துவாள், அவளா தேவதை? அவள் கோபத்தோடு போனாள், அந்தக் கோபத்தைக்கூட அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். நேரே போய்க் கேட்டதற்கு, துக்கத்தில் இருக்கிற நீங்கள் அரசியல் பேசலாமா என்று ஆசிரியர் எனக்கே புத்தி சொல்கிறார்.

இன்று மருத்துவமனையில் இரங்கல் கூட்டம். முன்வரிசையில் அணையின் தலைமைப் பொறியாளர். பத்திரிகையில் வந்ததை வாசிக்கச் சொன்னார்கள். நான் சட்டைப்பையிலிருந்து என் பிரதியை எடுத்து வாசித்தேன். மதகு என்ற இடம் வந்ததும் மைக் செத்துப்போயிற்று, யார் அணைத்தார்களோ. தொண்டை கிழிய வாசித்தேன். பொறியாளர் எழுந்து போனார், அவர் பின்னால் ஆசிரியரும் போனார். கூட்டம் முணுமுணுத்தது. அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். லாரி டிரைவரின் மனைவி. அவரைத் தனியாகப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடிவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாளாம். "அந்தக் கட்டு அவுக்கப் போனாங்கன்னு இருக்கே, அத மட்டும் இன்னொரு தடவ படிங்க" என்றாள். படித்தேன். அதுவரை அழாதவன், அங்கேதான் உடைந்து அழுதேன்.

சாயங்காலம் வேலை போய்விட்டது, போகட்டும். ஒரு சின்னப் பத்திரிகை ஒரு வரி விடாமல் போடுகிறேன் என்று வாங்கிப்போயிருக்கிறது. நானும் அந்தப் பெண்ணும் நாளை வக்கீலைப் பார்க்கிறோம். நீ அவசரப்பட்டு லீவு போட்டு வராதே, விசாரணை வரும்போது சொல்கிறேன், அப்போது வா. ராத்திரி தூக்கம் வரவில்லை என்றாயே, தனியாக இருக்காதே, தோழி வீட்டில் போய்ப் படுத்துக்கொள்.

ஒன்று மறக்காதே. அன்று மத்தியானம் அம்மா உன்னோடு பேசியிருக்கிறாள். மதகு பற்றி முன்கூட்டியே தகவல் வந்ததாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் எனக்கு எழுது, நம் வழக்குக்கு எதிராகப் போகுமே என்று பார்க்காதே. அவள் சொல்லாததை நீயாகச் சேர்க்கவும் வேண்டாம். வெட்டுவது அவர்கள் வேலை, ஒட்டுவது நம் வேலையாகிவிடக் கூடாது.

நீ நன்றாக இருக்க வேண்டும், தலை நிமிர்ந்து இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவோடு,
அப்பா