என் பெயரில் யாரோ வாசித்த பேஸ்

மார்ச் 4

ஆல்பம் வெளிவந்து ஒரு வாரம். காக்கை குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய மூன்று பேர் ப்ளூஸில் ஊறிய ஹார்ட் ராக் வாசித்தால் யாருக்கு என்ன அவசரம்? மச்சான் கிட்டாரும் பாட்டும், சம்மட்டி என்று நாங்கள் கூப்பிடும் நண்பன் டிரம்ஸ், நான் பேஸ் கிட்டார். அடுத்தவர் பாட்டை மேடை மேடையாக வாசித்தே தலை நரைத்துவிட்டது. இதுதான் சொந்தச் சரக்கு. நானே இன்னும் கேட்கவில்லை. லிஃப்ட் பழுது பார்ப்பது என் பிழைப்பு; ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒன்று என் உயிரை வாங்குகிறது. ஞாயிறன்று ஆற அமரக் கேட்க வேண்டும்.

மார்ச் 8

கேட்டேன். மூன்றாம் பாட்டில் பேஸ் வாசிப்பது நான் இல்லை.

மார்ச் 9

நேற்று மேலே எழுதக் கை வரவில்லை.

வேலையில் லிஃப்ட் கதவில் நசுங்கியதிலிருந்து என் இடது மோதிர விரல் சரியாக மடங்காது. மேல் சுரத்தை நேராக அழுத்த முடியாமல், கீழிருந்து சறுக்கிப் போய்ச் சேருவேன். கொஞ்சம் தாமதமாகும். சம்மட்டி அதுவரை அடியைப் பிடித்து வைத்து, நான் வந்த பிறகுதான் போடுவான். ஆல்பத்தில் சறுக்கலே இல்லை, சுத்தமான விரல். டிரம்ஸ் மட்டும் அதே இடத்தில் காத்திருக்கிறது. வராத எனக்காக.

எல்லாப் பாட்டிலும் அதே விரல்தான். உறையில் என் பெயர்.

ஒரே அறையில் மூவரும் சேர்ந்து வாசிப்பது. ஒருவர் தப்பினால் மூவரும் முதலிலிருந்து. பிறகு தனியாக வாசித்து ஒட்டுப்போடும் வேலையே கூடாது. இது மச்சான் போட்ட விதி. அவர் இருமிக் கெடுத்ததையெல்லாம் முகம் சுளிக்காமல் திரும்ப வாசித்தவன் நான்.

மார்ச் 11

சம்மட்டிக்கும் தெரியாதாம். ஹெட்போனை மாட்டிவிட்டேன். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவன் அந்த இடத்தில் நிறுத்திவிட்டான்.

"யாருடா இது?"

மார்ச் 14

மச்சான் மறுப்பார் என்றுதான் போனேன். மறுத்திருந்தால்கூடத் தேவலை.

"ஆல்பம் நல்லா வரணும்ல மாப்ள. உன் பேஸை மட்டும் எடுத்துட்டு, வாடகைக்கு ஒருத்தரை வாசிக்க வெச்சேன். உன் பேரைத்தானே போட்டிருக்கு?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ ஒடஞ்சு போயிடுவ. தங்கச்சியும் அதைத்தான் சொன்னா."

தங்கச்சி. என் மனைவி.

வீட்டுக்கு வந்தபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்: "ஆமா, அண்ணன் சொன்னாரு. விரல் நசுங்கினப்ப நீங்க அழுததைப் பார்த்தவ நான். இன்னொரு தடவை என்னால முடியாது."

எல்லாம் என் நல்லதுக்காம். நான் என்ன பச்சப்புள்ளயா? கூடப் படுக்குறவ, கூடப் பொறந்தவனா நெனச்சவரு — ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டு எம் மூஞ்சியப் பாத்து எப்படிச் சிரிச்சாங்க?

மார்ச் 15

அவள் வைத்த காப்பியைத் தொடாமல் வெளியே கிளம்பிவிட்டேன்.

ஏப்ரல் 2

முதன்முதலாக ஒருவர் விமர்சனம் எழுதியிருக்கிறார். கவனிக்கப்படாமல் போன நல்ல ஆல்பமாம்; அதிலும் பேஸ் பிசிறே இல்லாமல் இருக்கிறதாம். மச்சான் அதை எனக்கே அனுப்பி "பார்த்தியா மாப்ள" என்கிறார். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஏப்ரல் 20

அந்தப் பாராட்டைப் படித்து ஒரு சிறிய அரங்கத்தில் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"ஆல்பத்துல இருக்கிற மாதிரியே வாசிச்சிடு மாப்ள."

"அதுல வாசிச்சவரையே கூப்பிடுங்க மச்சான்" என்று போனை வைத்தேன்.

மே 10

நேற்றுக் கச்சேரி நடந்தது. இன்று காலையிலேயே சம்மட்டி வந்துவிட்டான்.

"நான் போயிருக்கவே கூடாதுடா. மூணாவது பாட்டுல கை தானா உனக்காக நின்னுடுச்சு. வாடகைக்கு வந்த ஆளு நிக்காம தன் போக்குல போயிட்டாரு. உன் மச்சான் திரும்பிப் பார்க்கிறாரு — என்னை இல்ல, நீ நிக்கிற பக்கம். அதுக்கப்புறம் பாட்டைச் சேர்த்துப் பிடிக்கவே முடியல."

சந்தோஷப்பட்டேனா? கொஞ்சம். பிறகு அதுவும் கசந்தது.

பேஸை எடுத்தேன். அவன் நாற்காலியில் தட்டினான். நான் சறுக்கினேன், அவன் காத்திருந்தான், சேர்ந்தோம். வாசலில் என் மனைவி நின்றிருந்தாள்.

"ஆல்பத்துல இதைத்தான் காணோம்" என்றாள். "மொத நாளே தெரிஞ்சுது."

அப்போதே சொல்வதற்கென்ன என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கை தப்பிவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தோம். அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

மச்சானிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.