ஈசோப்புத் துளிர்

நவம்பர் 12, செவ்வாய்

வேதாகமத்துல வர்ற செடியாச்சேன்னு ஈசோப்பு மேல நான் கத்திரியே வச்சதில்ல. ரெண்டு தொட்டியிலயும் அடியில மொட்டையா, உச்சியில நாலு இலையோட நின்னுச்சு. ஷூ கம்பெனியில தோல் வெட்டுற என் வீட்டுக்காரர், போன மாசம் ஒரு தொட்டியில சாண் உயரம் விட்டு மீதியை நறுக்கிட்டாரு.

"இன்னா பண்ணிட்டீங்க? செத்துடும்!"னு கத்தினேன்.

"வெட்டினாத்தான் தழையும்"னாரு.

அன்னிலேர்ந்து அவரோட பேசல. இன்னொரு தொட்டியை மாடியில ஒளிச்சு வச்சேன். போர் தண்ணி உப்புன்னு, வெட்டுன கட்டைக்குக் குடிக்கிற கேன் தண்ணியே ஊத்தினேன்.

இன்னிக்குக் காலையில பாத்தா, காஞ்ச குச்சின்னு நெனச்சதுல ஒவ்வொரு கணுவுலயும் ரெண்டு ரெண்டா பச்சை. கர்த்தாவே! தொடக்கூட கை வரல. அப்படியே முட்டி போட்டுட்டேன்.

அப்புறம் மாடித் தொட்டியை இறக்கிட்டு வந்து அவர் முன்னாடி வச்சேன்.

"இதையும் வெட்டுங்க."