அம்மாவின் கை

மார்ச் 4

தங்கச்சிக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நலமா என்று கேட்க எழுதவில்லை. நலமாகத்தான் இருப்பாய், உன் உடம்பு வாகு அப்படி.

அம்மாவோடு நாம் இரண்டு பேரும் ஸ்டூடியோவில் நின்று எடுத்த படம் உனக்கு நினைவிருக்கும். அம்மாவுக்கு என்று இருப்பது அந்த ஒரு படம்தான். அம்மா போன மறுவாரமே அவள் தையல் மிஷினை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பக்கத்து வீட்டுக்காரிக்குத் தூக்கிக் கொடுத்தாய். அன்றைக்கு உன் கண் முன்னாலேயே படத்திலிருந்து உன்னைக் கத்தரித்தேன். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

போன வாரம் என் பேத்தி, பிறந்தநாள் பரிசு என்று எனக்குத் தெரியாமல் அதை ஒரு கடையில் கொடுத்திருக்கிறாள். பழைய படங்களைப் பழையபடி ஆக்கித் தருவார்களாம். பல் டாக்டரும் பழையபடி ஆக்குகிறேன் என்றுதான் என் கடைவாய்ப் பல்லை அடைத்தார். முறுக்கு கூடக் கடிக்கவில்லை, அடைத்தது தானே விழுந்தது. கடைக்காரனுக்கு உன் முகம் எங்கே தெரியும்? அக்கா தங்கை ஒரே சாயலாக இருப்பார்கள் என்று என் முகத்தையே உன் இடத்திலும் வைத்துவிட்டான். இப்போது கூடத்துச் சுவரில் நான் இரண்டு பேராக நிற்கிறேன். ஒருத்தியையே சமாளிக்க முடியவில்லை என்கிறான் என் மகன்.

அதுகூடப் போகட்டும். உன்னை வெட்டியபோது உன் தோளில் இருந்த அம்மாவின் கையும் சேர்ந்து போய்விட்டது. அவன் புதிதாக ஒரு கை போட்டிருக்கிறான், வெண்டைக்காய் மாதிரி நேர் நேராக விரல். அம்மாவின் சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருக்குமே. எவளுடைய கையையோ அம்மாவுக்கு மாட்டிவிட்டான். அதைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கீழே விழுந்த துண்டை நீ பொறுக்கிக்கொண்டு போனதை ஓரக்கண்ணால் பார்த்தேன். இருந்தால் அனுப்பு. கையை மட்டும்தான் கேட்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

கோழி கிளறின கையெழுத்தை உறையில் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாருக்கு என்ன ஆச்சு என்று இவர் பதறிவிட்டார். அக்கா திட்டி எழுதியிருக்கிறாள் என்றேன். அப்படியானால் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று காபி குடிக்கப் போய்விட்டார்.

துண்டு இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். உன்னிடம் கையில்லாத அம்மா, என்னிடம் முகமில்லாத அம்மா. இது யார் கை பாட்டி என்று கேட்டுக் கேட்டே என் பேரப்பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆனால் தபாலில் அனுப்ப மாட்டேன். தொலைந்தால் அதற்கும் என்னைத்தான் சொல்வாய். நானே கொண்டுவருகிறேன், வரச் சொன்னால்.

மிஷின் கதையையும் சொல்லிவிடுகிறேன். கொடுக்கச் சொன்னதே அம்மாதான். அந்தப் பெண் இரண்டு குழந்தைகளோடு தனியாக நின்றாள், பிழைக்கட்டும் என்றாள். "நான் சொன்னேன்னு அக்காகிட்ட சொல்லாதடி. நான் செத்தாலும் எம்மேல கோவமாவே இருப்பா. உம்மேலன்னா ஒரு வாரத்துல சரியாயிடும்" என்றாள்.

அம்மா போட்ட கணக்கு கொஞ்சம் பிசகிவிட்டது.

உன் தங்கை

மார்ச் 20

தங்கச்சிக்கு,

முதல் தடவை படித்தபோது நம்பவில்லை. இரண்டாம் தடவை அம்மாவின் குரலே கேட்டது. சொல்லக்கூடியவள்தான். பழியை உன் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். கடைப் படத்தை இறக்கிவிட்டு, வெட்டின படத்தையே மறுபடி மாட்டினேன். ஆனால் இரண்டு நாளாக அம்மாவோடு பேசவில்லை.

அதற்காக உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தாயே, அதற்குத் தனியாகச் சண்டை இருக்கிறது. ஒரு நாளில் முடியாது, தங்குகிற மாதிரி துணி எடுத்துக்கொண்டு வா. ஜன்னலோரக் கட்டில் உனக்கு. குறட்டை விட்டால் எழுப்புவேன்.

துண்டு கிடைத்துவிட்டது என்றதும் கடைக்காரன், வெட்டினதே தெரியாமல் சேர்த்துத் தருகிறேன் என்றான். "கோடு தெரியட்டும்பா. நான் வெட்டினதும் நெசம், அவ எடுத்து வெச்சிருந்ததும் நெசம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பசை வாங்கி வைத்திருக்கிறேன். நான் ஒட்டுகிறேன். என் கை இப்போது நடுங்குகிறது, அந்தச் சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் நீ அழுத்திப் பிடித்துக்கொள்.

அக்கா