அதே அளவுதான்

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வாசல் கதவு திறந்து கிடக்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. மாடி டேங்க் நிரம்பி, தண்ணீர் சுவர் வழியாக இறங்கி முன்னறை வரை வந்துவிட்டது. இவர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்குகிறார். இன்னும் வெயில்கூடத் தாழவில்லை.

இவர் போலீஸ் வேலையிலிருந்து ரிட்டயராகி ஒரு வருஷம் ஆகவில்லை. நான் தாலுகா ஆபீஸில் நாள் முழுக்க சனங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து தரையைத் துடைத்தேன். எழுப்பவில்லை. எழுப்பினால், "இப்பதாம்ட்டி கண்ணசந்தேன்" என்பார்.

ஏப்ரல் 13

கல்யாணமான புதிதில் இவர் குடிப்பது குற்றால சீசனுக்கு மட்டும்தான். கூட்டாளிகளோடு ஐந்தருவிக்குப் போவார், ஈரச் சட்டையோடு சிரித்துக்கொண்டே வருவார். எனக்குக் கோபம்கூட வராது. பிறகு, பந்தோபஸ்து முடிந்து வந்தால் கால் வலிக்கு என்றார். எஸ்.எஸ்.ஐ. ஆன பிறகு தூக்கம் வரவில்லை என்று தினமும். இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே.

இப்ப என்ன காரணம் என்று கேட்டேன்.

"பொழுது போவண்டாமா?"

இது எப்போது இவ்வளவு பெரிதானது? நானும் இதே வீட்டில்தானே இருந்தேன்!

மே 11, ஞாயிறு

பாத்ரூமில் விழுந்து புருவம் கிழிந்துவிட்டது. தெருமுனை கிளினிக்கில் டாக்டர் துல்கர்னைன் தையல் போட்டார்.

"நான் ஒண்ணும் கூடக் குடிக்கல டாக்டர். எத்தனையோ வருசமா அதே அளவுதான்."

"அளவு மாறல அண்ணாச்சி, ஒடம்பு மாறிட்டு. வயசாக ஆக ஒடம்புல நீர்ச்சத்து கொறஞ்சிரும். முன்ன குடிச்ச அதே ரெண்டு கிளாஸ் இப்ப பலமா ஏறும். அதுக்கு மேல பிரஷர் மாத்திரை வேற."

வெளியே வந்ததும் என்னிடம் சொல்கிறார்: "சின்னப் பய. இவன் பொறக்குமுன்னயே நான் குடிச்சவன்."

அதைப் பெருமையாச் சொல்லுதார்!

மே 13

பக்கத்து வீட்டு முப்பிடாதி: "அண்ணாச்சி சத்தம் போடாமக் குடிச்சிட்டுப் படுத்துருவாவ. ஒங்களுக்கு என்ன கொற?"

அடிச்சாத்தான் கொறையா?

ஜூன் 21, சனி

சாரல் பிடித்துவிட்டது. மகன் மணிமுத்து சென்னையிலிருந்து வந்திருக்கிறான். வந்ததும் பையிலிருந்து அப்பாவுக்கு ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினான். நான் பார்த்த பார்வையில், "எம்மா, கண்ட சரக்கக் குடிச்சு ஒடம்பக் கெடுக்கதுக்கு இது நல்லதும்மா" என்றான்.

அப்பனும் மகனும், இவருடைய பழைய கூட்டாளி செல்லப்பாவும் குற்றாலத்துக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது பையன் கண்ணும் சிவந்திருந்தது.

"நீயுமால?"

"வேல டென்சன்மா. வாரத்துக்கு ரெண்டு நாள்தான். அதுவும் தூங்கதுக்கு."

இந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். இதே வீட்டில், வேறு வாயிலிருந்து.

ஜூலை 7, திங்கள்

போதும். லீவு போட்டுவிட்டேன். பீரோவுக்குப் பின்னால், அரிசி டிரம்மில், பைக் பெட்டியில் என்று இருந்த பாட்டிலையெல்லாம் எடுத்துச் சாக்கடையில் ஊற்றினேன். கேட்டைப் பூட்டி, பைக் சாவியையும் எடுத்து வைத்துக்கொண்டேன். சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"சரி விடு, நிறுத்திருதேன்" என்றார். அவ்வளவுதான். இத்தனை சுலபமா? இதை முன்னாடியே செய்திருந்தால்!

ஜூலை 8

கை நடுங்குகிறது. காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. வேர்த்து ஊற்றுகிறது. நல்லது, விஷம் இறங்குது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 11

இப்போதுதான் எழுத முடிகிறது. பெரியாஸ்பத்திரி வராந்தா.

முந்தாநாள் காலையில் சுவரைப் பார்த்து சல்யூட் அடித்தார். "ஐயா வந்திருக்காரு, சேர் எடுத்துப் போடு" என்றார். அங்கே யாரும் இல்லை. வேட்டியில் எறும்பு ஏறுது என்று தட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் வலிப்பு. முப்பிடாதி வீட்டுக்காரர் ஆட்டோவில் தூக்கிப் போட்டார்.

"தினம் குடிக்கிறவங்க சட்டுனு நிறுத்தக் கூடாதும்மா. மருந்து குடுத்து, பக்கத்துல இருந்து பாத்துத்தான் நிறுத்தணும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளே போயிருப்பாரு" என்றார் டாக்டரம்மா.

குடிச்சாலும் சாவு, நிறுத்தினாலும் சாவா? நிறுத்து நிறுத்துன்னு எல்லாவனும் சொன்னானே, இத ஒருத்தனாவது சொன்னானா? கேட்டப் பூட்டி நானே கொல்லப் பாத்திருக்கேன். எனக்கு யார் மேல கோவப்படன்னே தெரியல.

ஜூலை 12

மணிமுத்து வந்தான். இவர் கையைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். பையன் வாசலிலேயே நின்றுவிட்டான். ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை.

ஆகஸ்ட் 3

குடிக்காமலிருக்க டாக்டரம்மா கொடுத்த மாத்திரையோடு வீட்டுக்கு வந்தாயிற்று. தெளிந்த மனுஷனோடு இருப்பது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. சாம்பாரில் குற்றம், ஃபேன் சத்தத்தில் குற்றம். "என்னத்துக்குப் பொழைக்க வச்ச?" என்கிறார்.

நானும் அதையேதான் கேட்டுக்கிடுதேன்.

ஆகஸ்ட் 17

செல்லப்பா வந்தார். "மைனி, ஒரு பெக்ல என்ன ஆயிரப் போவுது? மனுசன் வாடிப்போயிட்டான்லா."

"ஆஸ்பத்திரியில நீங்க வந்து ஒக்காந்திருந்தா தெரிஞ்சிருக்கும் அண்ணாச்சி" என்றேன். காபி கொடுக்கவில்லை. இவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 14

ராயகிரியில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்தவரிடம் வாடை. பஸ்ஸில் நான் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். எல்லாம் வீண். லீவு, மாத்திரை, நான் கெஞ்சியது எல்லாமே.

செப்டம்பர் 15

துல்கர்னைனிடம் போய்க் கத்தினேன். பாவம், கேட்டுக்கொண்டார். "ஒரு தடவ வழுக்குனா எல்லாம் போச்சுன்னு இல்லக்கா. அவரா திரும்ப வைத்தியத்துக்கு வருவாரான்னு பாருங்க" என்றார்.

நான் பார்க்கப் போவதில்லை. இனி மாத்திரையை நினைவுபடுத்த மாட்டேன், பையைச் சோதிக்க மாட்டேன். எனக்கு ஆபீஸ் இருக்கிறது.

செப்டம்பர் 18

சாயங்காலம் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பிராந்திக் கடைக்குத்தான் என்று நினைத்தேன். இருட்டுவதற்குள் நடந்து வந்தார். பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், தனியாக.

"டாக்டரம்மா திட்டும்னு நெனச்சேன். திட்டல" என்றார்.

அக்டோபர் 20

தீபாவளி. குடிக்கவில்லை. யாரோடும் பேசவும் இல்லை. எனக்கும் இனிப்பு இறங்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

மணிமுத்து போன் செய்தான். எப்போதும் என்னோடு பேசிவிட்டு வைத்துவிடுவான். இன்று, "எப்பாட்ட குடும்மா" என்றான். குரல் சரியில்லை.

இவர் வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். அடுப்படி ஜன்னல் வழியாகக் கேட்டது.

"காலைல எந்திச்சதும் நடுங்குதால? எத்தன நாளா? ... ஏலே அழாத. இங்க பாரு, நீயா நிறுத்திராத, கேட்டியா? நீயா ஒண்ணும் செய்யாத. நான் வாரேன்."

வந்து போனை என் கையில் கொடுத்தார்.

"சென்னையில எந்த ஆஸ்பத்திரின்னு டாக்டரம்மாட்ட கேட்டுட்டுப் போறேன். நீ லீவு போடாண்டாம் உமா."

நவம்பர் 25

சென்னைக்குப் பொதிகை ரயிலில் ஏற்றிவிட்டு வந்தேன். அவருடைய மாத்திரையை எடுத்து வைத்தாரா என்று நான் கேட்கவில்லை. வண்டி நகர்ந்ததும் அவரே சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.