பாயிண்ட்ஸ் உரசிய ஞாயிற்றுக்கிழமைகள்

என் அன்புக்குரிய இஞ்சாருங்கோ,

ஒருநாளும் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் வருமா?

உங்கள் கூட்டாளி மோகனை நான் நம்பவில்லை. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் கராஜுக்கு வந்து, உங்கள் அமெரிக்க மசில் காரின் பொனெட்டைத் திறந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? "அக்கா, எஞ்சினுக்குப் பொறி குடுக்கிற இந்தப் பழைய பாயிண்ட்ஸைக் கழட்டிப்போட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் பூட்டுவம். இனி ஆர் ஞாயிறுக்கு ஞாயிறு உரசிக்கொண்டு நிக்கிறது?" என்றான். சாவியைத் தொட்டதும் கிளம்பும் கார் யாருக்கு வசதி? ஓட்டிக்கொண்டு போகிறவனுக்குத்தானே?

உங்கள் குளிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வைத்த கண் வாங்காமல் பக்கத்திலேயே நின்றேன்.

"கழட்டினதை இஞ்ச தா," என்றேன். பொறி பட்டுக் கருகிய இரண்டு சின்ன முனைகள். இவற்றை உரசவா என் நக அரத்தைக் களவெடுத்துக்கொண்டு ஞாயிறு காலை முழுவதும் இங்கே கிடந்தீர்கள்? அவனிடமே கேட்டேன்.

"உதுக்குப் பத்து நிமிஷம் காணும் அக்கா," என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

என் சந்தேகம் உங்கள் பக்கம் திரும்பியது. மிச்ச நேரம் எங்கே போனீர்கள்? யாரோடு? எவளோ ஒருத்தியின் முகத்தைக்கூட மனதில் வரைந்து முடித்துவிட்டேன். மோகன் துடைத்த ஸ்பானரையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

கோபத்தில் நீங்கள் கார் ஓட்டும் சீற்றில் ஏறி, கதவுப் பைக்குள் கையை விட்டேன். லிப்ஸ்டிக் வரும் என்றுதான் நினைத்தேன். வந்தவை நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே அடிக்கிற ஸ்பிரேக் குப்பிகள். எல்லாம் வெறுங்குப்பிகள்.

"ஓம் அக்கா, எனக்குத் தெரியும்," என்றான் மோகன். "நோ குறையுமட்டும் சீற்றில சாய்ஞ்சு கிடப்பார். வீட்டில சொன்னால் ஞாயிற்று இறைச்சியை மனுசி மறிச்சுப்போடுவா எண்டு சத்தியம் வாங்கினவர்."

நோவோடு வந்து உட்கார்ந்து என் ஆட்டிறைச்சிப் பொரியலை இன்னும் இன்னும் என்று கேட்டு வாங்கித் தின்றீர்களே! நானும் அள்ளி அள்ளிப் போட்டேனே! எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று உங்கள் படத்துக்கு முன்னால் வைத்ததும் அதைத்தானே! அந்தச் சீற்றில் இருந்தபடியே ஓவென்று அழுதேன்.

பிறகு மோகன் சொல்லச் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கார் உறுமியது. இனி பாயிண்ட்ஸைச் சாட்டி ஒருவரும் கராஜில் ஒளிய ஏலாது.

மோகன் மீது எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. இதை மறைத்தவர்கள் வேறு எதை மறைத்தீர்களோ?

கார் வீட்டோடுதான் நிற்கும், பயப்படாதீர்கள். ஆனால் ஒரு சத்தியம்: இனி உங்களுக்குப் படைக்கும் நாளெல்லாம் எண்ணெய் படாத அவித்த மரக்கறிதான். நான் வந்து சேரும்வரை பத்தியம் காக்க வேண்டும்.

மறிக்க விடாமல் போனவரின் மனுசி,
நான்தான்.