உப்பில் கழுவிய மணிகள்

குரோம்பேட்டை,
வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள நித்யாவுக்கு,

அம்மா எழுதுவது. என் முழங்காலையும் அப்பாவின் இளைப்பையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நாங்கள் இருவரும் நலம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன், இங்கிருந்து வேறென்ன செய்ய முடியும். ஞாயிற்றுக்கிழமை போனில் கிணற்று விஷயத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் "பேஸ்லைன் டேட்டா இல்லையேம்மா, முன்னாடி எடுத்த அளவு எதுவும் இல்லையே" என்றாய், அதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஒரு தடவை முழுவதும் படி, பிறகு பேசலாம்.

முதலில் அப்பா. மெயின் ரோட்டுத் தூசி குறைந்தபாடில்லை, மாலையானால் இருமல் ஆரம்பித்துவிடுகிறது. நீ வாங்கி அனுப்பிய காற்றுச் சுத்திகரிப்பானில் சிவப்பு விளக்கு எரிந்தது, பில்டரை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். இவர் என்ன செய்தார் தெரியுமா, அதைக் கழற்றிச் சோப்புத்தூளில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, மொட்டை மாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்துவிட்டார். மடிப்பெல்லாம் பிரிந்து, உள்ளே இருந்த கரி ஒழுகி, மேல்வீட்டார் காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டியில் கோடு கோடாக இறங்கிவிட்டது. கேட்டால், "நன்னா அலசிட்டேன், இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்கிறார். புதிய பில்டர் வாங்கிப் போட்டாயிற்று, நீ அனுப்ப வேண்டாம். திருநீர்மலைக்குப் போய்விட்டு வரலாம் என்று வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார், அடிவாரத்துக் கோயிலோடு திரும்புவதானால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பில்டர் கதையைச் சிரிப்பதற்காக எழுதவில்லை. கீழே மோட்டார் ரூமில் நடந்ததும் இதேதான்.

நீ போன தடவை வந்து எங்கள் போர்வெல் தண்ணீருக்கு வைத்துவிட்டுப் போன சிலிண்டர் மாதக்கணக்கில் நன்றாகவே வேலை செய்தது. களிமண், கரி, இறால் ஓட்டிலிருந்து எடுத்த பசை, இரும்புத்துரு மாதிரி ஒரு பொடி, இத்தனையும் சேர்த்து மிளகளவு உருட்டிய அந்த மணிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் குரோமியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று நீ சொன்னதை, கேட்டவர்களுக்கெல்லாம் நானே விளக்கிக்கொண்டிருந்தேன். குரோமியம் இருந்தால் நிறம் காட்டும் என்று நீ கொடுத்த சொட்டு மருந்தைச் சனிக்கிழமைதோறும் தண்ணீரில் விட்டுப் பார்ப்பேன். போரிலிருந்து நேராக எடுத்த தண்ணீர் ஊதாவாக மாறும், சிலிண்டர் வழியாக வந்தது நிறம் மாறாமல் இருக்கும். மணிகள் களைத்துப்போனால் யாரும் கைவைக்கக் கூடாது, எனக்குச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டிவிட்டும் போனாய். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே கடினத் தண்ணீரை மென்மையாக்கும் நம் குடியிருப்பின் பழைய சாஃப்ட்னர் நிற்கிறது, அதற்கு வாராவாரம் மூட்டை உப்பைக் கரைத்து ஊற்றித்தான் புத்துயிர் கொடுக்கிறோம். தெற்குச் சென்னையில் உப்புக் காட்டாத சிலிண்டரை யார் பார்த்திருக்கிறார்கள்?

நான் கும்பகோணத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்த வாரம் உன் சிலிண்டரில் தண்ணீர் வேகம் குறைந்திருக்கிறது. சங்கச் செயலாளர் ராஜாராமன், உனக்குத்தான் தெரியுமே, நம் மேல்மாடிக்காரர், பிளம்பர் வில்பிரட்டைக் கூப்பிட்டு இதற்கும் உப்புத் தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறார். வில்பிரட் அந்த ஒட்டின தாளைக் காட்டி, "சார், மேடம் பொண்ணு தொடாதன்னு எழுதிக்கீது" என்று தயங்கினானாம். இவர், "அதுவும் சிலிண்டர், இதுவும் சிலிண்டர். இது மட்டும் என்ன புது மாப்பிள்ளையா, கிட்டப் போகப்படாதுன்னு?" என்றாராம். உப்பு இறங்கியதும் அத்தனை நாளாக மணிகள் பிடித்து வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்து, கழுவுநீர் மஞ்சளாக வந்திருக்கிறது. அழுக்கு வெளியேறுகிறது என்று ஒரே சந்தோஷம். படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டு, எல்லாரும் கைதட்டியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விட ராஜாராமனுக்கு மனசு வரவில்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற அந்தக் கோடைக்குப் பிறகு அவர் ஒரு வாளித் தண்ணீரைக்கூட வீணாக்க விடுவதில்லை, உனக்கே தெரியும். குழாயை இழுத்து மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் விட்டுவிட்டார். அது கெட்ட எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன்.

அந்தப் படத்தை நான் ரயிலில் வரும்போது பார்த்தேன், குழாய் முனை குழிக்குள் கிடப்பது அதில் தெரிந்தது. குழி இருப்பது பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் கங்கையம்மாளின் கிணறு. நம் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் நிலம், இப்போது மகன் கேசவன் மெயின் ரோட்டில் பெயின்ட் கடை வைத்திருக்கிறான், வாடகைக்கு விட்ட வீடுகளும் இருக்கின்றன. அந்த அம்மாள் மட்டும் கேன் தண்ணீரைத் தொடுவதில்லை, கிணற்று நீர்தான் குடிப்பார். வீட்டுக்கு வந்து பெட்டியை வைத்துவிட்டு, எதற்கென்று சொல்லாமலே கேசவனிடம் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர் வாங்கி வந்தேன். சொட்டு விட்டேன், ஊதா. டம்ளரைக் கழுவி மறுபடி விட்டேன், மறுபடியும் ஊதா. தாம்பரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கும் கொடுத்தேன், குடிக்கத் தகுந்ததல்ல என்று அவர்களும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ராஜாராமனிடம் சொன்னேன். குழாயை அப்போதே பிடுங்கிப் போட்டார். ஆனால் கேசவனிடம் சொல்ல வேண்டும் என்றதும், "மேடம், பழைய ரிப்போர்ட்டர் புத்தி உங்களை விடாது. ப்ரூஃப் இருக்கா? அந்தக் கிணத்துல முன்னாடியே இருந்திருக்கலாமே? நாளைக்கு இங்க ஒரு ஃபிளாட் விக்க முடியுமா?" என்றார். அவர் கேட்டதில் ஒரு பாதி நியாயம். அந்தக் கிணற்றை நாம் ஒரு நாளும் சோதித்துப் பார்க்கவில்லை. நம் போரில் இருப்பது அவர்கள் கிணற்றிலும் முன்பே கொஞ்சம் இருந்திருக்கலாம். நம்மால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது, நம்மால் வரவில்லை என்றும் யாராலும் நிரூபிக்க முடியாது. நித்யா, போனில் நீ சொன்னதும் இதேதான். ராஜாராமன் தமிழில் சொன்னார், நீ ஆங்கிலத்தில் சொன்னாய். போனை வைத்த பிறகு நான் வெகுநேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன், அப்பா வந்து காப்பி கேட்கும்வரை.

மறுநாள் நானே போய்ச் சொன்னேன். எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொன்னேன். கேசவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அக்கா, உங்க காம்பவுண்டுக்குள்ள நீங்க இன்னா வேணா பண்ணுங்க. எங்க கெணத்துல ஏன் கை வெச்சீங்க? இப்ப நான் யாரண்ட போய் நிக்கறது?" என்றான். கங்கையம்மாள் முறத்தை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் பொண்ணு அன்னிக்கி ஜீன்ஸ் போட்டுகினு வந்து, ஆயா, உங்க கெணத்தையும் ஒரு நாள் சுத்தம் பண்ணித் தரேன்னு சொல்லிட்டுப் போச்சே, இதானா அது?" என்றார். நீ அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. கிணற்றின் மேல் தகரம் போட்டு மூடியிருக்கிறார்கள். சங்கத்திலிருந்து தினமும் கேன் தண்ணீர் இறக்குகிறோம், ராஜாராமனே தூக்கிக்கொண்டு போய் வைக்கிறார். அந்த அம்மாள் அதில் ஒரு வாய் குடித்துவிட்டு, "பிளாஸ்டிக்க கரைச்சிக் குடிச்ச மாரி கீது" என்று அவர் காதுபடச் சொல்கிறார். அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுகிறார்.

மணிகளை வில்பிரட் ஒரு மூடி போட்ட டிரம்மில் வாரி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறான். குப்பை வண்டியில் போட்டுவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள், நான் விடவில்லை. வண்டி அதைக் கொண்டுபோய்க் கொட்டும் இடத்திலும் யாரோ ஒருத்தர் தண்ணீர் இறைப்பார். தண்ணீரிலிருந்து பிடித்ததைப் பற்றி நீ அவ்வளவு பேசினாயே, பிடித்ததைக் கடைசியில் எங்கே வைப்பது என்று என்னிடம் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தால் நான்தான் மறந்திருப்பேன். எதுவானாலும் இப்போது எழுது.

இந்த மணிகளைப் பற்றிய உன் ஆராய்ச்சி அறிக்கையை இந்த மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும் என்றாய், அடுத்த கட்டப் பணம் அதைப் பொறுத்தது என்பதும் எனக்குப் புரிகிறது. நம் குடியிருப்பில் நடந்ததைப் 'பயன்படுத்தியவர்களின் தவறு' என்று ஒரு வரியில் முடித்துவிடாதே. பால் கவரை அலசிக் காயவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் சீப்பைத் தேய்த்து, எதையும் கழுவி மறுபடி எடுத்துக்கொள்ளும் வீட்டில்தான் நீ வளர்ந்தாய். இவர்கள் கழுவுவார்கள் என்று நீ இப்போது வேலை பார்க்கும் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திட்டுவதற்காக எழுதவில்லை கண்ணா, எனக்குத் திட்டத் தெம்பும் இல்லை. மணிகள் வேலை செய்தன என்பதை எழுது, உப்பு பட்டதும் விட்டுவிட்டன என்பதையும் எழுது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிணறு இருந்ததை எழுது. பேஸ்லைன் இல்லை என்பதையும் எழுது, ஆனால் அதைக் கடைசி வரியாக எழுதாதே.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு சைக்கிளில் வெளியே போகாதே. உன் வேலை நல்லபடியாக நடக்கட்டும், நீ நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் இதிலேயே இருக்கிறது. கேசவனின் நம்பர் உன்னிடம் இல்லாவிட்டால் அப்பா அனுப்புவார், நம் ஊரில் காலை நேரமாகப் பார்த்துப் பேசு, அவன் கடைக்குக் கிளம்புமுன். நேற்று நான் புறப்படும்போது கங்கையம்மாள் என்னைக் கூப்பிட்டு, "மறுபடி எப்ப குடிக்கலாம்னு உன் பொண்ணையே சொல்லச் சொல்லு. நீ சொல்லாத, உனக்குத் தெரியாது" என்றார். எனக்குத் தெரியாதுதான். நீ என்ன சொல்வாய் என்று நானும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா,
சாவித்ரி ஷ்யாம்சுந்தர்